வெளிக்கரை இரண்டாம் பாகமும் அன்ரன் பயணம் போகவிருந்த கிழமையும்

1

மன்னார்த் தீவின் பேசாலையில் ஒரு சிறு சஞ்சிகை நடத்தும் நண்பர் ஒக்டோபரில் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "எங்கட பெடியள் எல்லாம் இப்ப 'வெளிக்கரை'யின்ர ரெண்டாம் பாகம்தான் விளையாடுறாங்கள். நீங்களும் விளையாடுறீங்களாம். அதின்ர நிறை என்ன, குறை என்ன எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ."

ஓம் என்றேன். எழுத உட்கார்ந்தது இப்போதுதான், நான் இந்த ஊருக்கு வந்து இருபது வருடம் நிறைந்த இந்தக் கிழமையில். இடையில் நடந்தவற்றை ஒதுக்கிவிட்டு விளையாட்டைப் பற்றி மட்டும் எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன். வேண்டாததை நண்பர் வெட்டிக்கொள்ளட்டும்.

விளையாடாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். வெளிக்கரை ஒரு கணினி விளையாட்டு. விண்வெளியில் நடக்கும் கதை. நீங்கள் ஒரு ஆளாக உள்ளே போவீர்கள். அந்த ஆளின் திறமைகளை வளர்க்க வேண்டும், கப்பல் தேட வேண்டும், கூட்டாளிகளைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பேசுவதா, சுடுவதா, ஓடுவதா என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும். மூன்று பேர் தத்தம் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் சேர்ந்து விளையாடலாம்.

நான் நோர்வேயின் வடக்கில், மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றை நம்பி வாழும் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். என் தம்பி அன்ரன் பேசாலையில் படகு இயந்திரம் திருத்துபவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். கொரோனாவுக்கு உலகம் பூட்டிக் கிடந்த காலத்தில் நாங்கள் முதற்பாகத்தைத் தொடங்கினோம். சனிக்கிழமைகளில் எனக்கு நண்பகல், அவனுக்குப் பின்னேரம். அதற்கு முன்பு எங்கள் தொலைபேசி உரையாடல் "சாப்பிட்டியா, மழையா" என்பதோடு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது இல்லாத ஒரு கப்பலைத் திருத்திக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கதைத்தோம்.

இரண்டாம் பாகம் வந்தபோது மூன்றாவது ஆளாக என் மகள் றெஜி சேர்ந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்பதற்கு அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லத் தொடங்கிப் பல வருடமாகிறது. சித்தப்பாவுக்கு அந்த மொழி தெரியாததால் அவரோடு தமிழில்தான் பேசியாக வேண்டும். பேசினாள். பக்கத்துக் கதிரையில் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2

நிறைகளில் முதலாவது இயந்திரம். முதற்பாகத்தில் கப்பல் பழுதானால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டாம் பாகத்தில் மூடியைக் கழற்றி, எது கோளாறு என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் நான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அன்ரன் மறித்தான்.

"அண்ணா, கொஞ்சம் பேசாம இருங்கோ." காதைக் கொடுத்துக் கேட்டான். "மூண்டாவது சிலிண்டருக்கு எண்ணெய் போகேல்லை."

"விண்வெளிக் கப்பல்ல சிலிண்டர் எங்கயடா?"

"பேர் என்னவெண்டாலும் வைக்கட்டும். எண்ணெய் வராத இஞ்சின் இப்பிடித்தான் இருமும்."

திறந்து பார்த்தோம். மூன்றாவது குழாய்தான் அடைத்திருந்தது. றெஜி சத்தமாகச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து மாதங்களாகியிருந்தன.

இரண்டாவது, துப்பாக்கி இல்லாமலே முன்னேறலாம். காவலாளியைச் சுடுவதற்குப் பதிலாக அவனுடைய தங்கையின் சுகத்தை விசாரித்துக் கதவைத் திறக்க வைக்கலாம். எதிரே நிற்பவன் நாங்கள் போன கிழமை சொன்ன பொய்யை ஞாபகம் வைத்திருந்து இந்தக் கிழமை கேட்பான். எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்.

மூன்றாவது, கடல். முழுக்கத் தண்ணீராலான ஒரு கோள் வருகிறது. அங்கே வற்று, பெருக்கு, காற்று எல்லாம் சரியாக இருக்கின்றன. அன்ரன் தன் ஆளை அந்தக் கரையில் நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தான். "இந்தக் கடலில எங்கட வலையை அறுக்கிற இழுவைப் படகு ஒண்டும் இல்லை அண்ணா. அதுதான் இவ்வளவு வடிவு" என்றான்.

அந்தக் கரையில்தான் றெஜி ஒரு பிழை விட்டாள். பகைவர் இருந்த மண்டபத்துக்கு அன்ரன் முன்னால் போக, நாங்கள் பின்னால் போவது திட்டம். "சித்தப்பா, நீங்கள் முதல் போய்ச் சேருங்கோ. நாங்கள் பிறகு வாறம்" என்றாள். போய் அந்த இடத்தை அடையுங்கள் என்பதுதான் அவள் எண்ணம்.

அன்ரன் விழுந்து விழுந்து சிரித்தான். "பிள்ளை, அப்பிடிச் சொல்லக்கூடாது. செத்துப் போங்கோ எண்டமாதிரி இருக்கு."

அவள் முகம் சிவந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது என்று பின்னால் பலமுறை நினைத்தேன்.

3

குறைகள் நிறைய உண்டு. உலகத்தைத் தேவைக்கு மேல் பெரிதாக்கிவிட்டார்கள். பாதிக் கோள்களில் கல்லும் காற்றும்தான். ஒரே நடைபாதை, ஒரே மூன்று வகைப் பகைவர், திரும்பத் திரும்ப. ஒரு கதவு திறப்பதற்குள் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம். பெயரைத் தமிழில் எழுதினால் வெறும் சதுரப் பெட்டிகள் தெரியும். அன்ரன் பிடிவாதமாக அதை மாற்றவில்லை. ஆகவே அவன் றெஜிக்குப் 'பெட்டிச் சித்தப்பா'.

ஆனால் பெரிய குறை வேறு. முதற்பாகத்தில் நாங்கள் எடுத்த முடிவுகள் இரண்டாம் பாகத்துக்கும் தொடரும் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள். முதற்பாகத்தின் முடிவில் எங்களிடம் மூன்று பேருக்குத்தான் எரிபொருள் இருந்தது. விளையாட்டே எங்களுக்குத் தந்த இரண்டு கூட்டாளிகளில் ஒருவனான பொறியியலாளனைப் பனி மூடிய நிலவு ஒன்றில் விட்டுவிட்டு வந்தோம். அன்ரன் வேண்டாம் என்றான். நான்தான் பொத்தானை அழுத்தினேன். இரண்டாம் பாகத்தில் அந்தப் பொறியியலாளனின் சொந்த ஊருக்கே போகிறோம். அவனைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்பதில்லை.

"என்ன அண்ணா இது? விட்டிட்டு வந்தமே. அவன்ர ஊர்ச்சனம் ஒருத்தருமே கேக்கேல்லை" என்றான் அன்ரன்.

"விளையாட்டுத்தானேடா."

"விளையாட்டெண்டாலும் கேக்கவேணுமெல்லே?"

நான் கதையை மாற்றினேன்.

அந்த நாட்களில் அன்ரனிடம் வரும் வேலை குறைந்துகொண்டு போனது. வலை அறுந்து, கடலுக்குப் போகாமல் கரையில் கிடக்கும் படகுக்கு யார் இயந்திரம் திருத்துவார்கள்? தீவின் கரையோரத்தில் யாரோ வந்து கனிய மணல் தேடி மண்ணைத் துளைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றான். யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்களாம்.

அவனை முறையாக இங்கே கூப்பிட நான் முயன்றதுண்டு. எங்கள் ஊரில் படகு இயந்திரம் திருத்தும் ஒருவர் வேலை கொடுக்கச் சம்மதித்தார். படிவத்தில் 'எந்த நிறுவனத்தில் பயின்றார்' என்றொரு கேள்வி. 'எங்கள் அப்பாவிடம்' என்று எழுதினேன். ஆறு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது: விண்ணப்பதாரி தொழில் பயின்றதற்கு ஆவணம் இல்லை. ஒரு சனிக்கிழமை அதை அவனுக்குத் தமிழில் சொன்னேன். "சரி அண்ணா, பரவாயில்லை" என்றுவிட்டுக் கப்பலின் மூடியைக் கழற்றத் தொடங்கினான். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆறிவிட்டான் என்று நினைத்தேன்.

நவம்பரில் வேறு கேள்விகள் வந்தன. மைனஸ் இருபதில் காலுக்கு என்ன போடுவார்கள்? பனிக்குள் எத்தனை மணித்தியாலம் நடக்கலாம்? "நீங்கள் வரேக்க எத்தினை நாள் நடந்தனீங்கள்?"

அதற்கு என்னிடம் எப்போதும் ஒரு கதை தயாராக இருந்தது. மொஸ்கோவில் பனியில் வழுக்கி விழும்போது, காசு வாங்கி எங்களைக் களவாக எல்லை கடத்திக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரனின் மேலங்கியைப் பிடித்து அவனையும் இழுத்துக்கொண்டு விழுந்த கதை. கலியாண வீடுகளில் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள். அன்றும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் விளையாட்டில் தன் கப்பலை றெஜியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தான். ஆயுதங்கள், உணவு, வரைபடம் எல்லாவற்றையும் கொடுத்தான். "எனக்கு உது இனித் தேவைப்படாது பிள்ளை" என்றான். எங்கள் யன்னலுக்கு வெளியே நண்பகல் பன்னிரண்டு மணிக்கு இருட்டியிருந்தது. மாரியில் இங்கே சூரியன் எழும்பாத நாட்கள் உண்டு. ஆனாலும் அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்காமல் இருந்துவிட்டேன்.

4

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு மேசையில் றெஜி சாதாரணமாகச் சொன்னாள்: "இந்தச் சனி சித்தப்பா ஒருவேளை வரமாட்டார். ஏஜென்சி வெளிக்கிடுற டேற் குடுத்திட்டாராம்."

கையில் இருந்த கோப்பையை வைத்தேன். "எந்த ஏஜென்சி?"

"கேமில வாற ஏஜென்ட் தானே அப்பா."

விளையாட்டில் அப்படி ஒரு பாத்திரம் உண்டு. பத்திரம் இல்லாதவர்களை ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குக் கள்ளமாகக் கடத்துபவன். அவனை எல்லோரும் ஏஜென்ட் என்பார்கள். எங்கள் ஊரில் ஏஜென்சி என்றால் யார் என்பதை என் மகளுக்கு நான் ஒருபோதும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சித்தப்பா வேறென்ன சொன்னவர்?"

"பாஸ்போட் குடுத்திட்டாராம். உங்களிட்டச் சொல்ல வேண்டாமாம். சர்ப்ரைசாம்." என் முகத்தைப் பார்த்து அவள் நிறுத்தினாள். "அப்பா?"

அந்த விளையாட்டில் பாஸ்போட் இல்லை. விரல் ரேகைதான்.

அன்ரனுக்கு எடுத்தேன். கைத்தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. அவன் மனைவி ஜெனிற்றாவுக்கு எடுத்தேன்.

"கொழும்புக்குப் போட்டார் அத்தான். இஞ்சின் சாமான் எடுக்க."

"ஜெனிற்றா."

பின்னால் பிள்ளைகள் செபம் சொல்வது கேட்டது.

"ஞாயிறு விடியப் பிளைட். மொஸ்கோ. அங்கயிருந்து பெலருஸ். அதுக்குப் பிறகு கொஞ்சத் தூரம்தான் நடையாம். நான் வேண்டாம் எண்டனான். கேக்கேல்லை. அண்ணா எவ்வளவு பகிடியாப் போனவர் தெரியுமோ எண்டு என்னைத்தான் பேசினவர். அத்தான், நீங்களும் உப்பிடித்தானே போனனீங்கள்? உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

எங்கே தங்கியிருக்கிறான் என்று கேட்டேன், தனக்கும் தெரியாது என்றாள். ஞாயிறுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

5

வெள்ளி முழுக்க அவன் இலக்கத்துக்கு எடுத்துக்கொண்டேயிருந்தேன். நீங்கள் அழைத்த இலக்கம் செயற்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் மாறி மாறிச் சொன்னது. நான் மீன் வெட்டும் தொழிற்சாலையில் இரண்டு முறை கையை வெட்டிக்கொண்டேன்.

சனி நண்பகல் றெஜி கத்தினாள். "அப்பா, ஓடி வாங்கோ! சித்தப்பா உள்ளுக்கை நிக்கிறார்!"

அவன் பெயருக்கு, அந்தச் சதுரப் பெட்டிகளுக்கு, பக்கத்தில் பச்சைப் புள்ளி. நான் காதொலியை மாட்டினேன்.

"எங்கயடா நிக்கிறாய்?"

"நீர்கொழும்பில ஒரு லொட்ஜில. கூடத் தங்கியிருக்கிற ஒருத்தன்ர லப்டொப் இது. றெஜியின்ர கப்பல்ல ஒரு குழாய் மாத்தித் தாறன் எண்டு சொன்னனான். அதை முடிச்சிட்டு வெளிக்கிடுவம் எண்டு வந்தன்." அவன் கை வேலையை நிறுத்தவில்லை. திரையில் மூடி திறந்திருந்தது. "மறிக்காதேங்கோ அண்ணா. நீங்கள் போகேக்க உங்களை ஒருத்தரும் மறிக்கேல்லை."

"மறிக்கேல்லை. ஒண்டு சொல்லவேணும். கேட்டிட்டுப் போ."

றெஜி பக்கத்தில்தான் இருந்தாள். அவளை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தேன், பிறகு சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூட நான் சொல்லாத கதை அது.

மொஸ்கோவுக்குப் பிறகு எங்களை உக்ரேனுக்குக் கொண்டுபோய் ஒரு அறையில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். அங்கே என் பக்கத்தில் பாய் விரித்தவன் எங்கள் மன்னார்ப் பக்கத்து வெள்ளாங்குளத்துச் சீலன். இருபத்திரண்டு வயது. என்னை 'அண்ணை, அண்ணை' என்றுகொண்டு திரிவான். எட்டுப் பேராக உக்ரேனின் மேற்கு எல்லைக் காட்டுக்குள் போனோம். முழங்காலளவு பனி. இரண்டாம் நாள் சீலன் ஓர் ஓடைக்குள் விழுந்தான். ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விட்டது. பின்னேரமாகும்போது அந்தக் கால் நிறம் மாறியிருந்தது. வழிகாட்டியாக வந்தவன் அவனைக் காட்டி, விடுங்கள், நடவுங்கள் என்று சைகை செய்தான். மற்றவர்கள் நடந்தார்கள். சீலன் என்னைப் பார்த்து, "அண்ணை, விடியுமட்டும் நில்லுங்கோ. விடிஞ்சா நான் நடப்பன்" என்றான்.

"நான் சரி எண்டனான்" என்று அன்ரனுக்குச் சொன்னேன். "சரி எண்டுட்டு அவன்ர கையுறையைக் கழட்டினனான். என்ரது கிழிஞ்சு போச்சு. அவன் தரேல்லை அன்ரன். நான்தான் கழட்டினனான். அவன் கையை இழுக்கேல்லை. பேசாம விட்டவன். போட்டுக்கொண்டு நடந்தனான். திரும்பிப் பாக்கேல்லை."

திரையில் குழாய் மாற்றும் கை நின்றிருந்தது.

மிச்சத்தையும் சொன்னேன். இங்கே அகதி விசாரணையில் அதிகாரி தனியாகவா வந்தீர் என்று கேட்டார். 'அலேன' என்றேன். தனியாக என்று அர்த்தம். இந்த மொழியில் நான் வாய்விட்டுச் சொன்ன முதற்சொல். அது என் கோப்பில் இன்றும் இருக்கிறது. முதல் வருடமே சீலனின் தாய் எப்படியோ என் இலக்கத்தைப் பிடித்துக் கதைத்தார். மொஸ்கோவிலேயே பிரிந்துவிட்டோம், அவன் வேறு ஆட்களோடு போனான் என்றேன். அதன்பிறகு மன்னாருக்கு வந்த எந்தத் தடவையும், வெள்ளாங்குளம் போகும் வழியில் அடம்பனைத் தாண்டி நான் வடக்கே போனதில்லை.

"ஏன் உதை முதலே சொல்லேல்லை?" அன்ரனின் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை.

"வெக்கம்."

"நீங்கள் சொன்ன பகிடியை நம்பித்தான் என்ர பிள்ளையளுக்குப் பயமில்லை எண்டு சொல்லிட்டு வந்தனான்."

சற்றுநேரம் அவனுடைய ஆள் கப்பல் துறையில் அசையாமல் நின்றது. பிறகு மறைந்தது. ஒரு பயணி வெளியேறினார் என்று திரையில் எழுத்து வந்தது. விளையாட்டில் வழக்கமாக வரும் அறிவிப்புத்தான்.

றெஜி காதொலியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அவனுக்கு என்ர வயசைவிட அஞ்சு வயசுதான் கூட" என்றாள் தமிழில். எழுந்து தன் அறைக்குப் போனாள்.

6

ஞாயிறு விடிந்து விமானம் புறப்படும் நேரம் கடந்தது. ஜெனிற்றாவுக்கு ஒரு தகவலும் இல்லை. திங்கள் பின்னேரம் அவள் எடுத்தாள். கொழும்பு பஸ்ஸில் இருந்து இறங்கி, வீட்டுக்குள் வந்து, யாரோடும் ஒரு சொல் பேசாமல் படுத்திருக்கிறானாம். அழுதாள்.

அந்த லொட்ஜில் அவனோடு தங்கியிருந்த நான்கு பேரும் பயணம் போனார்கள். இதை எழுதும் இன்றுவரை அவர்களில் ஒருவரிடமிருந்தும் அழைப்பு வரவில்லை. ஒருவரின் மனைவி அடம்பனில் இருக்கிறார். தன் கணவர் கடைசியாக எங்கே போவதாகச் சொன்னார், எந்த உடுப்புப் போட்டிருந்தார் என்று நாளாந்தம் அன்ரனிடம் கேட்கிறாராம்.

புதன்கிழமை, தொழிற்சாலையில் காலை இடைவேளையின்போது, அன்ரனின் வீடியோ அழைப்பு வந்தது. பின்னால் பனைகளும் ஒரு தகரக் கூரையும் தெரிந்தன.

"அண்ணா, வெள்ளாங்குளத்தில நிக்கிறன். மோட்டச்சைக்கிள்ல வந்தனான். நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள்தான் சொல்லவேணும்."

தொலைபேசி கைமாறியது. திரையில் சீலனின் தாயின் மெலிந்த முகம், நெற்றிவரை இழுத்துவிட்ட சேலைத் தலைப்பு. "ஆர், சீலனோட போன தம்பியோ?"

மீன்பெட்டிகளுக்கிடையில், தலையில் பிளாஸ்ரிக் தொப்பியோடு, நான் சொன்னேன். ஓடை, சப்பாத்து, சரி என்றது, கையுறை. எதையும் விடவில்லை. அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அவன் மொஸ்கோவில கலியாணம் கட்டி இருக்கிறான், எங்களை மறந்திட்டான் எண்டு நான் அவனைத் திட்டிக்கொண்டு இருந்தன்" என்றார். பிறகு கேட்டார்: "எந்த இடம் தம்பி அது?"

"பேர் தெரியாது அம்மா."

"போகேலாது எண்டு தெரியும். எண்டாலும் எந்த இடம் எண்டு எனக்குத் தெரியவேணும். தேடுங்கோ."

இப்போது சனிக்கிழமைகளில் நாங்கள் மூவரும் வெளிக்கரையைத் திறப்பதில்லை. அதன் முடிவு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது, ஆகவே இந்த விமர்சனம் அரைகுறைதான். செய்மதி வரைபடத்தில் அந்த எல்லைக் காட்டைத் திறந்து வைத்திருக்கிறோம். உக்ரேனும் இப்போது யுத்தம் நடக்கும் நாடு. காட்டுக்குள் நுழைய முன்னர் ஒரு ரயில் பாதையைக் கடந்தோம், மரம் அரியும் ஆலை ஒன்றின் சத்தம் கேட்டது என்று எனக்கு ஞாபகம். அன்ரன் ஒவ்வொரு ஓடையாக நகர்த்திக் காட்டி, "இதுவோ?" என்று கேட்கிறான். வேறெதுவும் என்னோடு கதைப்பதில்லை. "இல்லை" என்கிறேன். அடுத்ததுக்குப் போகிறான்.

காணாமற்போனவர்களைத் தேடித்தரும் அமைப்பு ஒன்றுக்கும் எழுதியிருக்கிறோம். படிவத்தை நிரப்பியவள் றெஜி. சீலனின் முழுப்பெயர், ஊர், உயரம் எல்லாவற்றையும் தாயிடம் தானே தமிழில் கேட்டு எழுதினாள். கடைசிப் பக்கத்தில், கடைசியாக அவரோடு இருந்தவர் யார் என்று ஒரு கேள்வி இருந்தது. அவள் விசைப்பலகையில் கையை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தாள். நான் என் முழுப்பெயரைச் சொன்னேன். அவள் எழுதினாள்.